இருபத்தாறு கிலோ

2022 ஜூலை 18-ஆம் தேதிக்குப் பிறகு தமிழ்நாட்டில் அரிசிச் சிப்பத்தின் எடை ஒரு கிலோ கூடியது. அதுவரை 25 கிலோ. பையில் அடைத்து, பெயர் அச்சிட்டு விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று அறிவிப்பு வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோவாக அடைக்கத் தொடங்கினார்கள். 25-ஐத் தாண்டினால் அந்த வரி கிடையாது. மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். டாலியில் பழைய 25-ஐ மூடிவிட்டு 26 என்று புதுக் கணக்குத் திறந்ததும் நான்தான். வாங்க வந்தவர்கள் விலையை மட்டும் கேட்டார்கள். எங்கள் கடை லோடுமேன்கள் சிரித்தார்கள். 50 கிலோ சீனி மூட்டையை முதுகில் வாங்கிப் பழகியவர்களுக்கு ஒரு கிலோ எம்மாத்திரம்?

எனக்கு அந்த ஒரு கிலோ தெரிந்தது. அனுப்பானடியில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. லிப்ட் கிடையாது. அரிசி வாங்கினால் ஆட்டோக்காரர் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை, எந்த நேரம் வருவார் என்று சொல்ல முடியாது. மகள் பள்ளியில் இருப்பாள். ஆக, மேலே ஏற்றுவது என் பொறுப்பு. 25 கிலோவையே நாலு படிக்கு ஒருதரம் இறக்கி வைத்துத்தான் கொண்டுபோவேன். 26 வந்தபோது எனக்கு 44 வயது. சிப்பத்தைக் கீழேயே பிரித்து, பாதியைக் குடத்தில் கொட்டி, இரண்டு நடையாக ஏற்றினேன். இரண்டாவது நடை முடிந்து கட்டிலில் உட்கார்ந்தவளுக்கு உலை வைக்க எழுந்திருக்க நேரமானது.

விலைவாசியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பணத்தைத்தான் பேசுகிறோம். மாதக் கடைசியில் கை கடிக்கிறது, சீட்டுப் பணம் கட்ட முடியவில்லை, நகை அடகுக்குப் போகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் விலைவாசி முதலில் கை வைப்பது சாப்பாட்டுத் தட்டில். தட்டிலிருந்து உடம்புக்கு வர அதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை. அதிலும் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளின் உடம்புக்கு.

எங்கள் அம்மாவின் உடம்பைப் பார்த்துத்தான் இதை நான் படித்திருக்க வேண்டும். எண்பதுகளில் எங்கள் தெருவுக்கு ஒரே அடிபம்பு. விடியுமுன்னே வரிசையில் நின்று குடம் குடமாகச் சுமப்பாள். ஆட்டுக்கல்லில் மாவு, அம்மியில் சட்னி, கிணற்றடியில் துணி. அப்பா தையல்காரர், பண்டிகைக்கு முன்னால்தான் கையில் காசு புரளும். முட்டை வாங்கினால் அப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, எனக்குப் பாதி. அம்மா வறுத்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவாள். அந்தச் சோறு ருசியாகத்தான் இருக்கும், நானும் ஒரு வாய் வாங்கியிருக்கிறேன். முட்டை என்னவோ அதில் இருக்காது.

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க உடம்பு இரும்பு" என்று இன்றைக்கும் பலர் சொல்வதைக் கேட்கிறேன். அந்த இரும்பு எங்கள் அம்மாவுக்கு 58 வயதில், 2014-இல், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தது. தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். என் சங்கிலியும் தம்பி மனைவியின் வளையல்களும் அடகுக்குப் போயின. நடைபழக்க வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் கேட்டேன்: "ஆயுசுக்கும் தண்ணி சுமந்தவங்க, இவங்க எலும்புல எப்படிம்மா வலு இல்லாமப் போச்சு?" அந்தப் பெண் சொன்னாள்: "சுமந்தாங்க சரி. சுமக்கறதுக்கு ஏத்த மாதிரி சாப்பிட்டாங்களா?"

பிறகு விளக்கினாள். எலும்பின் அடர்த்தி முப்பது வயதுவாக்கில் உச்சிக்குப் போகும். அதன்பின் மெதுவாக இறங்கும். மாதவிடாய் நிற்கும்போது பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜென் குறைவதால் சரசரவென்று இறங்கும். தசையும் அப்படித்தான், நாற்பதையொட்டிக் கரையத் தொடங்கினால், பயன்படுத்தாதவர்களுக்கு வேகமாகக் கரையும். எனக்கு அப்போது 36. கேட்டுக்கொண்டேன், அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தேன், அடகுச் சீட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

எனக்குக் கல்யாணமான 2003-இலிருந்து வரவுசெலவு நோட்டு எழுதுகிறேன். பால், அரிசி, மளிகை, கேஸ், கரண்டு, வாடகை, பள்ளி, மருந்து என்று தனித்தனிப் பத்தி. பழைய நோட்டுகளைப் புரட்டினால் ஊர் நிலவரம் தெரியும். ரேஷன் அரிசி 2006-இல் கிலோ இரண்டு ரூபாய், 2008-இல் ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். இதற்கு எதிர்த்திசையில் மற்றவை. துவரம் பருப்பு 2015 அக்டோபரில் கிலோ 200-ஐத் தாண்டியது. 2019 டிசம்பரில் வெங்காயம் நூறைத் தாண்டியபோது ஓட்டலில் ஆம்லெட்டுக்கு முட்டைக்கோஸ் போட்டார்கள். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் லிட்டர் 48-லிருந்து ஒரே தாவலில் 60. 2023 ஜூலையில் தக்காளி நூறுக்கு மேல். கேஸ் சிலிண்டர் அதே வருஷம் மார்ச்சில் 50 ரூபாய் ஏறி 1,100-ஐத் தாண்டியது. ஆகஸ்ட் கடைசியில் 200 இறங்கியது.

இந்த ஏற்றங்கள் வந்தபோதெல்லாம் வீட்டில் நாங்கள் என்ன செய்தோம் என்பதும் நோட்டில் இருக்கிறது. பருப்பு ஏறினால் சாம்பார் தண்ணீரானது. காய் ஏறினால் பொரியல் போய் அப்பளம் வந்தது. பால் ஏறினால் ஆரஞ்சு பச்சையாகி, பச்சை நீலமானது. குறையாமல் இருந்தது அரிசி ஒன்றுதான். அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்த அரிசி இல்லையென்றால் என் சம்பளத்துக்கும் பட்டறைக் கூலிக்கும் எத்தனையோ இரவு வெறும் வயிறுதான். ஆனால் குழம்பு குறையக் குறையச் சோறு கூடியது. நாற்பது வயதில் விழும் தொப்பையைச் சுகவாசத்தின் அடையாளம் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். என் தொப்பை பற்றாக்குறையில் வளர்ந்தது.

அரிசி தூக்கி அயர்ந்த அந்த வாரமே ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 10.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 5.9. 5.7-க்கு மேல் போனால் சர்க்கரையின் வாசல், 6.5 என்றால் உள்ளேயே போய்விட்டோம் என்று அர்த்தம். இடுப்புச் சுற்றளவு 91 சென்டிமீட்டர், நம் நாட்டுப் பெண்களுக்கு 80-தான் எல்லை. நகர்ப்புறச் சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "சோத்தக் குறைச்சு, புரதத்தக் கூட்டி, நடங்க" என்றார். மூன்றும் மூன்று வார்த்தை. மூன்றுக்கும் காசோ நேரமோ வேண்டும்.

நடப்பதற்குக் காசு வேண்டாம் என்பார்கள். நேரம் வேண்டுமே! காலை ஐந்து மணிக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறவர்களில் ஆண்கள்தான் மிகுதி. அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பில் யாரோ பால் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். என்னால் காலையில் முடியாது. மாலை கடை விட்டுக் கீழவாசலில் பஸ் ஏறி, வீட்டுக்குப் போகாமல் தெப்பக்குளத்தில் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ராத்திரி மாவு கரைத்துத் தோசை ஊற்றுவதை வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பேச்சுவார்த்தை சில வாரம் இழுத்தது. முதல் தோசைகள் கல்லைவிட்டு வரவில்லை.

திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளம் அது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகையிலிருந்து பனையூர் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து, மைய மண்டபத்தைச் சுற்றித் தளும்புகிறது. நாலு பக்கமும் சேர்த்து ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மேல். காற்றுக்குக் குறைவில்லை, பஜ்ஜிக்கும் குறைவில்லை. ஒவ்வொரு மூலையிலும் எண்ணெய்ச் சட்டி கொதிக்கும். அங்கே நடந்து உடம்பு இளைத்தவர்கள் மன உறுதியில் முனிவர்களுக்குச் சமம்.

நடையோடு மட்டும் விட்டிருந்தால் மூச்சு சீராகியிருக்கும், சிப்பம் அசைந்திருக்காது. வாரத்துக்கு 150 நிமிடம் நடையோ அது போன்ற பயிற்சியோ, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியை நம் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. எங்கள் பக்கத்து ஜிம்மில் விசாரித்தேன். மாதக் கட்டணம் எங்கள் கேஸுக்கும் கரண்டுக்கும் சேர்த்த தொகை. திரும்பி வந்து, கடையில் எங்கள் மூத்த லோடுமேன் அண்ணனிடம் கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவர், முப்பது வருஷமாகக் கீழமாசி வீதியில் மூட்டை சுமக்கிறார், முதுகு இன்னும் நிமிர்ந்திருக்கிறது.

"எப்படித் தூக்கணும்ணே?"

சாப்பாட்டு நேரத்தில் ஐந்து கிலோ ரவைப் பையை என் முன்னால் வைத்தார். "முதுகால தூக்காதம்மா, தொடையால தூக்கு. மொத உக்காரு. சாமான நெஞ்சோட சேத்துக்க. காலு ரெண்டையும் அகட்டி வை. மூச்ச விட்டுக்கிட்டே எந்திரி." பிறகு பத்து கிலோ. "எடைய வாராவாரம் ஏத்தாத. உடம்பு 'இவ்வளவுதானா'ன்னு கேக்கும்ல, அப்ப ஏத்து." வீட்டில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, துணிப்பையில் அரிசி நிரப்பி இரண்டு கையிலும் பிடித்து நடப்பது, கடைசியில் 20 லிட்டர் தண்ணீர் கேன். அம்மாவுக்கு அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக்கொடுத்ததும் இதே உட்கார்ந்து எழும் பயிற்சிதான். அம்மாவுக்கு அதை எலும்பு ஒடிந்த பிறகு சொன்னார்கள்.

அந்த அண்ணனிடம் நான் கற்றது தூக்குவது மட்டுமில்லை. காலையில் அவர் எட்டு இட்லியோடு இரண்டு அவித்த முட்டை சாப்பிடுவார். பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால். மத்தியானம் சோற்றோடு கருவாடோ மீனோ கட்டாயம். கூலியில் பெரும்பங்கு வயிற்றுக்கே போகிறதே என்று ஒருநாள் கேட்டேன். "இதுல மிச்சம் பிடிச்சா அது கூலியப் பிடிச்சிரும்" என்றார்.

கணக்குப் படித்தவளுக்கு அது சட்டென்று புரிந்தது. எங்கள் கடையில் வருஷா வருஷம் மார்ச் முடிந்ததும் தேய்மானம் எழுதுவேன். எடைபோடும் மெஷினுக்கு 15 சதவீதம், மேசை நாற்காலிக்கு 10, கம்ப்யூட்டருக்கு 40. பொருள் தேய்கிறது, நாளைக்குப் புதிதாக வாங்க வேண்டும் என்பதை வருமான வரிச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கம்ப்யூட்டரைத் தட்டுகிறவளின் தேய்மானம் எந்தப் பேரேட்டிலும் இல்லை. கடைப் பேரேட்டில் இல்லாததற்கு முதலாளியிடம் சண்டை போட முடியாது. என் சொந்த நோட்டில் ஏன் இல்லை? பால் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, அடகு வட்டி இருக்கிறது. மருந்துப் பத்தி இருக்கிறது, ஆனால் அது விழுந்த பிறகு எழுதுவது.

லோடுமேன் அண்ணன் தன் சாப்பாட்டைத் தொழில் செலவில் சேர்க்கிறார். நம் வீட்டுப் பெண்கள் தங்கள் சாப்பாட்டை மிச்சத்தில் சேர்க்கிறோம். மிச்சம் என்பது மீந்தால்தான் உண்டு.

அந்த மாதம் நோட்டில் என் பெயரைத் தலைப்பாகப் போட்டு ஒரு பத்தி திறந்தேன். பணம் எங்கிருந்து என்றால், பஸ்ஸிலிருந்து. 2018 ஜனவரியில் டவுன் பஸ்ஸுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் மூன்றிலிருந்து ஐந்து ரூபாயானது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனக்கு மாதம் சில நூறு மிச்சம். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் காசு எங்கே போகிறதென்று தெரியாமலேயே மளிகையிலும் பெட்ரோலிலும் கரைந்துகொண்டிருந்தது. பெயர் வைத்ததும் அது நின்றது.

பிறகு புரதக் கணக்கு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது ஐ.சி.எம்.ஆர். 2020-இல் சொன்ன அளவு. என் 62 கிலோவுக்கு 51 கிராம் வருகிறது. எந்தப் பொருளில் புரதம் மலிவு என்று ஒரு பட்டியல் போட்டேன். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம் பருப்பில் நூறு கிராமுக்கு 22 கிராம் புரதம். ஆக, ஒரு கிராம் 14 காசு. எங்கள் கடை விலையில் நிலக்கடலை 56 காசு. ஏழு ரூபாய் முட்டையில் ஆறு கிராம், அதாவது ஒரு ரூபாய் பதினேழு காசு. டப்பாவில் விற்கும் புரத மாவு மூன்று ரூபாய்க்கு மேல். ரேஷன் பருப்பைவிட மலிவாக இந்த ஊரில் எதுவும் இல்லை. ஆனால் அது ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் பருப்பு. மீதியைக் கடலையும் முட்டையும் பொட்டுக்கடலையும் அண்ணா நகர் உழவர் சந்தைக் கீரையும் மொச்சையும் சேர்த்துத்தான் நிரப்ப வேண்டும். 1999-இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறந்த உழவர் சந்தை அது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குள் போனால் முருங்கைக்கீரை கட்டு கிடைக்கும், பத்து மணிக்குப் போனால் காம்பு கிடைக்கும்.

வீட்டில் முதல் எதிர்ப்பு என் மாமியாரிடமிருந்து. "முட்டைக்குன்னு தனிக் கணக்கா? பிள்ளைக்கு வைக்காமத் தான் திங்கறதுக்குக் கணக்கு எழுதுன மருமகள இப்பத்தான் பாக்குறேன்." நான் பதில் பேசவில்லை. பிள்ளைக்கும் வைத்தேன், அவருக்கும் வைத்தேன், நானும் சாப்பிட்டேன். நாற்பது வயதில் நாய்க்குணம் என்று ஆண்களைச் சொல்வார்கள். எனக்கு அது பசிக்குணமாக வந்தது என்று வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது எனக்கு 47. 26 கிலோவைப் பிரிக்காமல், நடுப்படியில் ஒருதரம் மட்டும் இறக்கி வைத்து மேலே கொண்டுபோகிறேன். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டுவிட்டது, சர்க்கரை 5.6. இடுப்பு 86-இல் நிற்கிறது, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இடது முழங்கால் ஏறும்போது சொடக்கு விடுகிறது. இளமை திரும்பவில்லை, திரும்பும் என்று யாரும் சொல்லவும் இல்லை. கடையில் நாள் முடியும்போது எனக்கென்று கொஞ்சம் பலம் மீதமிருக்கிறது. அவ்வளவுதான் லாபம். அதை நான் சின்ன லாபம் என்று எழுத மாட்டேன்.

2025 ஏப்ரலில் கேஸ் மறுபடி 50 ரூபாய் ஏறியது. எங்கே குறைப்பது என்று மூன்று பேரும் நோட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். வீட்டுக்காரரின் விரல் நேராக என் பத்திக்குப் போனது. "ரெண்டு முட்டைய ஒண்ணாக்கிக்கலாமே." நான் எழுந்துபோய் 2014-ஆம் வருஷ நோட்டை எடுத்துவந்து, அம்மாவின் ஆபரேஷன் பக்கத்தைத் திறந்து வைத்தேன். ஆஸ்பத்திரி, மருந்து, வாக்கர், ஆட்டோ, பிறகு மாதாமாதம் அடகு வட்டி. அவர் படித்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் மாமியார், "என் பேருக்கும் ஒரு பக்கம் போடு" என்றார். அவருக்கு எழுபது. என்ன வேண்டும் அத்தை என்று கேட்டேன். தினம் ஒரு டம்ளர் பருத்திப்பால் என்றார். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதே, அதில் போடும் கருப்பட்டி ஆகாதே என்றேன். சற்று யோசித்தார். "அப்ப கடலையும் வழுக்காத செருப்பும்" என்றார். எழுதினேன்.

இரண்டு பக்கம் திறந்ததில் கணக்கு உதைத்தது. எதையாவது நிறுத்தியே ஆக வேண்டும். கல்லூரிக்குப் போகும் மகளின் செல்போனில் படம் பார்க்கும் சந்தாவை நிறுத்தினோம். அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவளுக்கு 19 வயது. எலும்பு இன்னும் பத்து வருஷம் வளர்ந்து உச்சிக்குப் போக வேண்டிய வயது. "எத்தனை நாள் வேணும்னாலும் கோபமா இரு, நான் கேக்க மாட்டேன்" என்றேன். "அந்த முட்டையச் சாப்பிட்டுட்டுக் கோபப்படு."